பஞ்சாயத்துக்கு வரமாட்டேன்: எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாட்டாண்மை பெரியப்பாவுக்கும், தர்மகர்த்தா மாமாவுக்கும், பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்து ஊருக்கு நியாயம் சொல்கிற மற்ற பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துக்கு வரச் சொல்லி நீங்கள் அனுப்பிய ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் வரமாட்டேன். வராவிட்டால் அபராதம், அதற்கும் மசியாவிட்டால் இந்த வருஷம் என் வீட்டுத் திருவிழா வரியை வாங்க மாட்டீர்கள் என்றும் சொன்னார். வரி வாங்கவில்லை என்றால் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வரமாட்டேன். உங்களுக்கான பதிலை எழுதியே தருகிறேன். உங்களுக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம், இது நம் ஊர் சமாச்சாரம் மட்டும் இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இதே மாதிரி ஒரு திண்ணை இருக்கிறது, அதில் இதே மாதிரி பேசி முடிக்கிறார்கள்.

ஊர் விஷயத்தை வெளியே கொண்டுபோய்விட்டேன் என்பது என் மேல் உள்ள புகார். ஆமாம், ஒரு குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொல்ல, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தது நான்தான். எந்தக் குழந்தை, எந்தத் தெரு, யார் செய்தது என்பதெல்லாம் இந்த மடலில் இருக்காது. அடையாளத்தை வெளியே சொல்வது சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், நாளைக்கு அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். நீங்களும் டீக்கடையில் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள்.

நீங்கள் சொல்லியனுப்பியதில் மிரட்டல் என்னை ஒன்றும் செய்யவில்லை. அதோடு சேர்த்துச் சொன்ன இன்னொன்றுதான் தூங்க விடவில்லை. "அன்னைக்கு இவ விஷயத்தையும் நாமதான பேசி முடிச்சோம்? படிச்சா, கல்யாணம் கட்டுனா, இன்னைக்கு கம்பெனியில கை நிறைய சம்பாதிக்கிறா. நாம செஞ்சதுனாலதான நல்லா இருக்கா?" என்றீர்களாம். சரி. அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று முழுசாகவே சொல்லிவிடலாம். திண்ணையில் நீங்கள் பேசினீர்கள், நான் பேசவில்லை. இப்போது என் முறை.

1992. அப்போது நம் வேலூர் மாவட்டத்துக்கு வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். அக்கா கல்யாணத்துக்கு அப்பா பீடி ஏஜென்ட்டிடம் 1,500 ரூபாய் முன்பணம் வாங்கினார். அது அடையும்வரை நான் அந்த வீட்டில் வேலை செய்ய வேண்டும் என்று பேச்சு. எனக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிப் போடுவார்கள். முனை மடிப்பது சின்னப் பிள்ளைகளின் வேலை, எங்கள் விரல் சின்னது என்பதால். 25 பீடி ஒரு கட்டு. ஒன்று பிரிந்திருந்தாலும் கூலியில் பிடித்தம். கிடைக்கிற கூலி வட்டிக்குச் சரியாக இருக்கும், முதல் அப்படியே நிற்கும். சோற்றைப் பிசையும்போது கையில் புகையிலை நெடி வரும், எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது.

பிள்ளையின் உழைப்பை அடமானம் வைக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1933இல், சட்டம் வந்துவிட்டது. வைத்த பெற்றவருக்கு 50 ரூபாய் வரை அபராதம், வாங்கியவருக்கு 200 ரூபாய் வரை. 1976இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்த மாதிரிக் கடனே செல்லாது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்றது. இதெல்லாம் திண்ணையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொள்கிறேன். ஏஜென்ட்டுக்குத் தெரிந்திருந்தது. 1986 சட்டம் பீடி வேலையில் பிள்ளைகளைத் தடை செய்துவிட்டு, சொந்த வீட்டில் குடும்பத்தோடு செய்தால் விலக்கு என்று ஒரு சந்து விட்டிருந்தது. அதனால் அதிகாரி யாராவது வந்தால் "இவர் எங்க மாமா" என்று சொல்ல எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மாமா என்று சொல்லச் சொன்ன அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு தம்பி. சரக்கு அறைச் சாவி அவரிடம் இருக்கும். இலைக்கட்டு எடுத்து வரச் சொல்லி என்னை அனுப்புவார்கள்.

அந்த அறையில் நடந்ததை எழுதப் போவதில்லை. எழுதினால் அதைப் பற்றி மட்டும்தான் பேசுவீர்கள். ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தது என்பது போதும்.

அந்த வயசில் நான் திரும்பப் பாயில் மூத்திரம் போக ஆரம்பித்தேன். அம்மா முதலில் பூசாரியிடம் மந்திரித்தாள். அப்புறம் தர்காவுக்குக் கூட்டிப்போய்த் தாயத்து கட்டினாள். எதற்கும் நிற்கவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகச் சொன்னபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டாள், சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை. இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே விஷயத்தைச் சொல்லி அடி வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். அவள் முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு, நேராக உங்களிடம் வந்தாள். போலீஸ் ஸ்டேஷனுக்கு அவள் வாழ்நாளில் போனதில்லை. உங்களை நம்பித்தான் வந்தாள், பெரியப்பா.

அன்றைய பஞ்சாயத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்டவர் யாரும் இல்லை. புங்க மரத்துக்குப் பின்னால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பொம்பளப் புள்ள விஷயம், வெளிய தெரிஞ்சா நாளைக்கு யார் கட்டுவா?" என்று ஒருவர் கேட்டார், எல்லோரும் தலையாட்டினீர்கள். தீர்ப்பு 3,000 ரூபாய் அபராதம். அதில் அப்பாவின் முன்பணம் 1,500 கழிந்தது. கோயிலுக்கு 500. மீதி 1,000 ரூபாயை வெற்றிலைத் தட்டில் வைத்து அப்பா கையில் கொடுத்தீர்கள். ஏஜென்ட்டின் தம்பி அம்மா காலில் விழுந்தார். அம்மா காலை இழுத்துக்கொண்டாள். அதற்கும் "மன்னிச்சிடும்மா, பெரிய மனசு பண்ணு" என்று அவளைத்தான் அதட்டினீர்கள்.

சட்டப்படி இல்லவே இல்லாத ஒரு கடனை என் உடம்பை வைத்துக் கழித்தீர்கள். இதைத்தான் இன்றைக்கு எனக்குச் செய்த உபகாரமாகச் சொல்கிறீர்கள்.

கடன் தீர்ந்ததால் நான் அந்த வீட்டுக்குப் போவது நின்றது, உண்மை. பிறகு குழந்தைத் தொழிலாளர்களுக்கென்று நடந்த சிறப்புப் பள்ளியில் அம்மா என்னைச் சேர்த்தாள். அங்கிருந்து அரசுப் பள்ளி, பத்தாம் வகுப்பு. அந்தப் படிப்புக்கான காசு அம்மா ராத்திரியெல்லாம் சிமினி விளக்கில் சுற்றிய பீடியிலிருந்து வந்தது. உங்கள் தட்டில் இருந்த ஆயிரத்தை அப்பா எப்படிச் செலவு செய்தார் என்று ஊருக்கே தெரியும், சாராயக்கடைக்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆக, என் படிப்பில் உங்கள் பங்கு எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் உங்கள் தீர்ப்பால் வேறொன்று நடந்தது. அது எனக்குப் பல வருஷம் கழித்து, ஆம்பூர் போகிற கம்பெனி பஸ்ஸில்தான் தெரிந்தது.

ஷூ கம்பெனி பஸ் விடியற்காலையிலேயே வந்துவிடும். பாதிப் பேர் சீட்டிலேயே தூங்குவார்கள், மீதிப் பேர் பேசுவார்கள். வீட்டில் பேச முடியாததை எல்லாம் அந்த பஸ்ஸில் பேசுவோம். மாமியார், சீட்டுப் பணம், கருக்கலைப்பு எல்லாம் வரும். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்த பெண், என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள், சின்ன வயசில் பீடி வீட்டுக்கு முனை மடிக்கப் போனதைச் சொல்ல ஆரம்பித்தாள். சரக்கு அறை என்றாள். சாவி என்றாள். நான் மீதியைச் சொன்னேன். இரண்டு பேரும் ஆம்பூர் வரை ஒன்றும் பேசவில்லை. அவள் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனது உங்கள் தீர்ப்புக்கு அடுத்த வருஷம்.

அவளோடு முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. 3,000 ரூபாய் கட்டினால் போதும் என்று அந்த ஆளுக்கு விலை சொல்லிக் கொடுத்தது யார்? அவர் அதற்குப் பிறகும் திருவிழாவில் உங்களோடு முன்வரிசையில் நின்றார். செத்தபோது ஊர் மேளம் வைத்து எடுத்தீர்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

நல்லா இருக்கிறேன் என்று சொல்கிறீர்களே, அது எப்படி வந்தது என்றும் கேளுங்கள். கம்பெனியில் நான் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவள். தோலில் ஊசி ஒருமுறை இறங்கினால் இறங்கியதுதான், பிரித்துத் தைத்தால் ஓட்டை தெரியும். கோடு விலகவே கூடாது. மற்ற நேரம் என் கோடு விலகாது. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றால் மட்டும் விலகிவிடும். அவர் ஒன்றும் செய்யவில்லை, டார்கெட் பார்க்க வந்தவர். ஆனாலும் யாராவது ஆண் பின்னால் நின்றால் என் கழுத்து விறைத்துக்கொள்ளும், கால் பெடலில் தானாக அழுந்தும். எத்தனையோ ஜோடி என்னால் வீணாகியிருக்கிறது. திட்டு வாங்கினேன், சம்பளத்தில் போனது. வீட்டிலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டுத் தோளைத் தொட்டால்கூட அலறிவிடுவேன். நல்ல மனிதர், தன்னைப் பிடிக்கவில்லை என்றே பல வருஷம் நினைத்திருக்கிறார்.

கடைசியில் பாகாயம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போனேன். நம் ஊரில் பாகாயம் என்றால் என்ன நினைப்பார்கள் என்று தெரியும், நினைக்கட்டும். அவரே பைக்கில் கூட்டிப்போனார். அங்கே ஒரு டாக்டரம்மா, நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். அந்த அபராதக் காசில் விடுதலையானவள் நான், அதனால் நானும் அதில் கூட்டு என்கிற நினைப்பு எனக்குள் ஊறிக் கிடந்தது. அதைச் சொன்னதும் கேட்டார், "அந்தக் கடனை வாங்குனது யாரும்மா?" அப்பா என்றேன். "கட்டுனது?" என்றார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அன்றைக்கு அழுத அழுகை வேறு.

அப்புறமும் உடனே எதுவும் சரியாகிவிடவில்லை. மாத்திரை சாப்பிட்டேன், நிறுத்தினேன், திரும்பச் சாப்பிட்டேன். ஒரு நாள் லைனில், சத்தமாகத்தான், "சார், முன்னாடி வந்து நின்னு சொல்லுங்க" என்றேன். அவர் திகைத்தார். ஆனால் முன்னால் வந்து நின்றார். அவ்வளவுதான் விஷயம். இப்போது எங்கள் லைனில் யாரும் பின்னால் வந்து நிற்பதில்லை. புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, மற்றப் பெண்களே சொல்லிவிட்டார்கள்.

இது எதிலும் நீங்கள் இல்லை.

இப்போது இந்தக் குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். 50,000 என்று பேசி வைத்திருந்தீர்கள். விலைவாசி ஏறியிருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை. ஆனால் சட்டம் மாறியிருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பாற்றுகிற போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்த யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை ஜெயில். திண்ணையில் உட்கார்ந்து கேட்ட ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும். நான் போன் செய்தது ஊருக்குத் துரோகம் என்கிறீர்கள். செய்யாமல் இருந்திருந்தால்தான் நான் குற்றவாளி.

இரண்டு குடும்பமும் சமாதானம் ஆகிவிட்டது, இனி கேஸ் எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மேல் இப்படி ஒரு வழக்கு. குழந்தையின் அப்பாவோடு சமரசம் ஆகிவிட்டது என்று சொல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்தே செய்துவிட்டார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்து செல்லாது, வழக்கு நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஒரு உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்துக்கே அந்தக் கதி. பிள்ளையார் கோயில் திண்ணையில் எழுதிய வெள்ளைத்தாள் எந்த மூலைக்கு?

"ஏழைக் குடும்பம், நாலு காசு கிடைத்தால் நல்லதுதானே" என்கிறார் தர்மகர்த்தா மாமா. மாமா, அந்தக் காசைச் சட்டமே தருகிறது. எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு, தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல், இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்தப் பணத்துக்காக யாரும் யாரையும் மன்னிக்க வேண்டியதில்லை, அதில் கோயிலுக்குப் பங்கும் போகாது.

போலீஸ், கோர்ட் என்று அலைந்தால் பிள்ளை சீரழிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். உங்கள் வாதங்களில் நான் மதிக்கிறது இது ஒன்றைத்தான். சட்டத்தில் என்ன இருக்கிறது என்றால், குழந்தையின் வீட்டுக்கே வந்து, கூடுமானவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் போலீஸ், யூனிஃபார்ம் இல்லாமல் வாக்குமூலம் வாங்க வேண்டும். ராத்திரியில் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. சாட்சி சொல்லும்போது செய்தவன் முகத்தை அவள் பார்க்கும்படி விடக் கூடாது. திரும்பத் திரும்பக் கூப்பிடக் கூடாது. ஒரு வருஷத்துக்குள் கூடுமானவரை வழக்கை முடிக்க வேண்டும். இதெல்லாம் எழுதியபடியே எல்லா இடத்திலும் நடக்கிறது என்று நான் புளுக மாட்டேன். சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வாய்தா நடக்கிற தாய்மார்களை எனக்குத் தெரியும். அப்படியானால் ஊர்ப் பெரியவர்கள் செய்ய வேண்டியது அங்கேதான் இருக்கிறது. கூலி போகுமே என்று தயங்குகிற அம்மாவுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். ஆட்டோ வைத்து அனுப்புங்கள். சாட்சியை மிரட்ட வருகிறவனைத் தெருமுனையிலேயே நிறுத்துங்கள். அதற்கு உங்கள் மீசை போதும்.

பெண் பிள்ளை என்றால் அபராதம், ஆண் பிள்ளை என்றால் சிரிப்பு, அதுவும் நம் வழக்கம். 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் குழந்தைகளிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பையன்களும் அதில் பெண்களுக்குச் சமமாகவே இருந்தார்கள். போக்சோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஏரிக்கரையில் நடந்ததை அந்தப் பையன் சொல்ல வந்தபோது "ஆம்பளப் பையனுக்கு என்னடா" என்று துரத்தியது யார் என்று உங்களுக்கே தெரியும். அவன் இப்போது பெங்களூரில் இருக்கிறான், ஊருக்கு வருவதில்லை.

பதினேழு வயசுப் பெண்ணும் பதினெட்டு வயசுப் பையனும் விரும்பி ஓடிப்போவதையும் இதே சட்டத்தில் போட்டு ஜெயிலுக்கு அனுப்புகிறார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்த மாதிரி கேஸில் மட்டும், பையன் வேறு சாதி என்றால், ஸ்டேஷனுக்கு முதலில் ஓடுவது நீங்கள்தான். அப்போது ஊர் மானம் வெளியே போவதில்லையா?

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு புறப்படும். நாம் எல்லோரும் போகிறோம், தேங்காய் உடைக்கிறோம். கெங்கையம்மனாக நாம் கும்பிடுகிற அந்த ரேணுகாம்பாளின் தலையை வெட்டச் சொன்னது புருஷன், வெட்டியது பெற்ற பிள்ளை. அந்தக் கதையிலும் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர்வலம் போகிற சிரசைக் கும்பிடும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும், யாரிடமும் சொன்னதில்லை.

இனிமேல் ஒரு தாய் உங்கள் திண்ணைக்கு வந்தால் உட்கார வையுங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 1098 ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. இல்லையென்றால் மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள், அங்கிருந்து 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும் என்பது விதி. என் அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. தெரிந்த ஒருவர் அன்றைக்கு அந்தத் திண்ணையில் இருந்திருந்தால் போதும்.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை, பெரியப்பா. என் கல்யாணத்துக்குத் தேங்காய் மூட்டை அனுப்பியது நீங்கள், அம்மா செத்தபோது தோள் கொடுத்தது உங்கள் மகன். அதற்காக இதில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அந்தக் குழந்தையின் வழக்கு நடக்கும், கூப்பிட்டால் நான் போய்ச் சொல்வேன். அந்த வீட்டுக்கு யாராவது போய் வாபஸ் வாங்கச் சொல்லி மிரட்டினால், அதையும் போய்ச் சொல்வேன்.

திருவிழா வரியை வழக்கம்போல என் மகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள். வாங்க மாட்டோம் என்றால், எதற்காக வாங்கவில்லை என்று அதே ரசீதுப் புத்தகத்தில் எழுதி, நாட்டாண்மை, தர்மகர்த்தா இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாயால் சொல்லி அனுப்ப வேண்டாம். அந்தத் தாளை எந்த ஆபீசில் கொடுக்க வேண்டும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.